புள்ளி முயல்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று எங்கள் மலையூர் சக்குபள்ளத்தில் என் ஏலக்காய்த் தோட்டத்தைத் தாண்டாமல் எவரும் மாதா கோயிலுக்குப் போக முடியாது. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். ஏறும்போது யார் என்ன சொன்னார்கள் என்பதையும் மறக்கவில்லை.

அதிலும் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னது இருக்கிறதே! அப்போது அவர் திருவிழாக் கமிட்டியில் பெரிய ஆள். நான் கூலிக்குக் காய் எடுக்கிறவன். பச்சை ஏலக்காய் பறித்தால் விரலெல்லாம் கறுத்துப்போகும். எந்த சோப்புக்கும் முழுசாகப் போகாது. கை ஈரமானால் அந்தக் கறை தொட்ட இடத்தில் ஒட்டும். சப்பரத்துக்கு முன்னால் வெள்ளைப் பட்டுக்குடை பிடிக்க ஆசைப்பட்டுக் கையை நீட்டினேன்.

"ஏலே, காய் எடுக்குற கை அது. குடையில கறை ஏறிரும். பின்னால மெழுகுதிரி பிடிச்சிட்டு வா, போதும்" என்றார், ஊரே கேட்க. எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணும் கேட்டாள்.

அதே வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுக்காமல் குழிக்குள் இறங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

போன சீசனில் வாய்த்தது. அங்கன்வாடியில் குழந்தைகளோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து காகித முயல் செய்ய வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். பேத்தியோடு போனேன். எதிரே, பேரனோடு அதே தோட்டக்காரர். குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயை முட்ட உட்கார்ந்திருந்தார். ஆள் கிடைக்காமல் அவரே காய் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கையைப் பார்த்தேன். பத்து விரலும் கறுப்பு! என் கையோ ஆள் வைத்து வேலை வாங்குகிற கை, அப்பம்போல் வெளுத்திருந்தது.

வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து, டீச்சர் வரைந்த கோட்டில் வெட்டி, காதை நிமிர்த்தி, வாலுக்குப் பஞ்சு ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். என் முயல் சலவைக்குப் போய் வந்ததுபோல் நின்றது. அவர் விரலில் பசை பட்டதும் கறை இளகி, முயலில் தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது.

எழுந்து நின்று, அறை முழுக்கக் கேட்கச் சொன்னேன்: "என்ன அண்ணாச்சி, காய் எடுக்குற கையா? வெள்ளையத் தொட்டா கறை ஏறும்லா? பின்னால போயி மெழுகுதிரி பிடிச்சிருக்கலாமே!"

அவர் முகம் சுருங்கியது. ஞாபகம் வந்துவிட்டது. பசித்த வயிற்றில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் இறங்கியதுபோல் இருந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்து அவர் பேரன் முயலைத் தூக்கிப் பிடித்துக் கத்தினான்: "ஏய், என் முயலுக்குப் புள்ளி இருக்கு!"

பொடிசுகள் மொத்தமும் அவரைச் சூழ்ந்துகொண்டன. "தாத்தா, எனக்கும் புள்ளி! எனக்கு ரெண்டு!" டீச்சர் வேறு, "கொள்ளாமல்லோ!" என்று மலையாளத்தில் மெச்சிக் கை தட்டினார்.

பேத்தி என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்க கையில புள்ளி வருமா தாத்தா?"

"வராது."

"அப்ப அந்தத் தாத்தாட்ட போறேன்." முயலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அவர் அதை வாங்கி, முதுகில் பெருவிரலை நிதானமாக அழுத்தினார். அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்தார். "வாலு மட்டும் வெள்ளையா இருக்கட்டும் பாப்பா. உங்க தாத்தாவுக்குப் பிடிக்கும்" என்றார்.

அந்த முயல் இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் மேல் நிற்கிறது. எடுக்கப் பேத்தி விடுவதில்லை. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அவருடைய கைரேகை கண்ணில் படுகிறது.

முயல் செய்த மறுநாள் காலையிலேயே இடுப்பில் கூடையைக் கட்டி என் தோட்டத்துக்குள் இறங்கினேன். காய் தரையோடு தொங்கும் செடி மூட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததும் காய் எடுக்கிற பெண்கள் சிரித்தார்கள். "மொதலாளி, முட்டி புடிச்சிக்கிடும், எந்திரிங்க!"

சிரிக்கட்டும். இந்த சீசனிலும் முயல் செய்யக் கூப்பிடுவேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். என் விரல்கள் நன்றாகவே கறுத்துவிட்டன. புள்ளிக்கு அவர் பேரன் என்னிடம் வரட்டும். வைப்பேன், ஆனால் வரிசையில் கடைசியாக நிற்க வைத்துத்தான் வைப்பேன்.