சைபர் தசம் சைபர் ஐந்து

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் இயந்திரங்களைப் பராமரித்தவர் பத்மநாதன். அங்கே எல்லா அளவுகளும் மில்லிமீற்றரில்தான். 1990இல் சண்டை தொழிற்சாலையை மூடியது. அடுத்த வருடம் கனடா வந்தார். ஐந்து வருடங்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார், அலுவலகங்களில் தரை துடைத்தார். 1996 ஏப்ரலில்தான் ஸ்காபரோவில் ஒரு பட்டறையில், கடைசல் இயந்திரத்தின் முன்னால் மீண்டும் நிற்கக் கிடைத்தது. அன்று மல்வேர்ன் வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவாமல் மனைவி நிரூபாவிடம் நீட்டினாராம்.

"மணந்து பாரும்."

"சீ, எண்ணெய்!"

"எண்ணெய்தான். எத்தினை வருசத்துக்குப் பிறகு!"

அந்த வேலை அவருக்கு வேறொரு காரணத்துக்காகவும் வேண்டியிருந்தது. அவருடைய தகப்பன் சச்சிதானந்தன், ஓய்வுபெற்ற உபதபாலதிபர், 95ஆம் ஆண்டு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது தனியாக நடந்தவர். வன்னியில் சில மாதங்கள் கிடந்து, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு விடுதி அறைக்கு வந்து சேர்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. கொழும்பில் தங்கும் தமிழர் பொலிசில் பதியவேண்டும்; அப்படிப் பதிந்த துண்டை இரவிலும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுத்தார். அவரைக் கனடாவுக்கு எடுப்பதென்றால், மகன் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்ததற்கு முதலாளி கடிதம் தரவேண்டும். பத்மநாதன் மாதங்களை எண்ணத் தொடங்கினார்.

பட்டறை கனடாவில் இருந்தது. அதன் அளவுகோல் அமெரிக்காவில் இருந்தது. செய்த சாமான்களில் முக்கால்வாசி ஒஹாயோவில் உள்ள ஒரு பொதி கட்டும் இயந்திரக் கொம்பனிக்குப் போனது. ஆகவே வரைபடங்கள் எல்லாம் அங்குலத்தில். வெளியே தெருவில் கிலோமீற்றர், வானொலியில் செல்சியஸ், பட்டறைக் கதவைத் திறந்தால் அங்குலம்.

அமெரிக்கர்கள் ஏன் இன்னும் மீற்றருக்கு மாறவில்லை என்று கேட்டால், அவர்களுக்கு மூளை போதாது என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது சோம்பேறித்தனமான பதில். 1866இலேயே அங்கே மீற்றரைச் சட்டபூர்வமாக்கிவிட்டார்கள். இன்று அவர்களுடைய அங்குலத்துக்கே வரைவிலக்கணம் 25.4 மில்லிமீற்றர்தான், மீற்றர் இல்லாவிட்டால் அங்குலத்துக்கு நிற்க நிலமில்லை. 1975இல் மாறுவதற்கென்று ஒரு சட்டமும் சபையும் அமைத்தார்கள். ஆனால் விரும்பினால் மாறலாம் என்றார்கள். விரும்பினால் என்றால் யார் மாறுவார்? ஏழு வருடத்தில் சபையையும் கலைத்தார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் கருவிகளை மாற்றுவதற்குச் செலவு உண்டு என்பது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, உலகத்தின் மிகப் பெரிய சந்தையை வைத்திருப்பவன் தன் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை என்பது. அவனுக்கு விற்பவன்தான் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். கனடாகூட மாறத் தொடங்கி, பக்கத்து வீட்டைப் பார்த்துப் பாதி வழியில் நின்றுவிட்டது. இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு விலை உண்டு. அதை வோஷிங்டனில் யாரும் கட்டியதில்லை.

1997 பெப்ரவரியில் ஒஹாயோவிலிருந்து ஒரு புது வரைபடம் வந்தது. பித்தளை வளையம், நாலாயிரம். அளவுகள் வழக்கம்போல அங்குலத்தில். ஆனால் அடியில், எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற இடத்தில், 0.05 என்று மட்டும் தட்டச்சு செய்திருந்தது. அலகு இல்லை.

பத்மநாதன் அதைப் பார்த்தபடி நின்றார். அளவு பரிசோதிக்கும் மேசையிலிருந்து அன்ரனெற் எழுந்து வந்தாள். குருநகர்ப் பெண், அந்தப் பட்டறையில் இருந்த மற்ற ஒரே தமிழ் ஆள்.

"என்ன அண்ணை, கடதாசியைக் கும்பிடுறியள்?"

"உது மில்லிமீற்றர், பிள்ளை."

"மேல எல்லாம் அங்குலம். கீழ மட்டும் மில்லிமீற்றரோ? உங்கட சீமெந்து மூளை இறுகிப் போச்சுது."

"இவங்கள் அங்குலத்தில எழுதேக்க புள்ளிக்கு முன்னால சைபர் போடமாட்டினம். பழைய படம் ஒண்டை எடுத்துப் பார். உதில சைபர் கிடக்கு. ஆரோ ஐரோப்பாக்காரன் கீறின படத்தில இருந்து கொப்பி அடிச்சிருக்கினம்."

அவள் பழைய வரைபடங்களைப் புரட்டினாள். ஒன்றிலும் புள்ளிக்கு முன்னால் சைபர் இல்லை. அவளுடைய சிரிப்பு நின்றது. "போய்ச் சொல்லுங்கோ அண்ணை."

பட்டறையை மேற்பார்க்கும் போர்மன் கென் கெட்டவன் அல்ல, அவசரக்காரன். அமெரிக்கனுக்குப் போகிற சாமானில் மில்லிமீற்றர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டான். பத்மநாதன் சைபரைக் காட்டினார். கென் அவர் தோளில் தட்டி, இது ஒஹாயோ, உன்னுடைய நாடு இல்லை என்றான். ஒரு அங்குலத்தில் நூறில் ஐந்து பங்கு ஒன்றேகால் மில்லிமீற்றருக்கும் மேல். அவ்வளவு ஆடினால் அது இயந்திர வளையமல்ல, கைவளையல். பத்மநாதன் இதை ஆங்கிலத்தில் அடுக்கத் தொடங்க முதலே கென் அளவுத்தாளை நீட்டினான். அளவுகளைச் சரிபார்த்தேன் என்று இயந்திரக்காரன் ஒப்பமிடுகிற தாள்.

பத்மநாதன் "யெஸ் சேர்" என்று சொல்லி ஒப்பமிட்டார்.

இந்த இடத்தில்தான் நெஞ்சு கொதிக்கிறது. அந்த "யெஸ் சேர்" சம்மதம் அல்ல. நீ சொன்னது காதில் விழுந்தது என்பதுதான் அதன் பொருள்; தொழிற்சாலையில் பொறியியலாளருக்கு முன்னால் பதினொரு வருடம் சொல்லிப் பழகியது. மேலாளிடம், அப்படியானால் நீயே ஒப்பமிடு என்று சொல்வது எங்கள் வளர்ப்பில் மரியாதைக் கேடு. அதற்கும் மேலே, அவர் ஒரு அகதி. விமான நிலையத்தில், சட்டத்தரணியிடம், வீட்டுக்காரனிடம், விரல் காட்டிய இடத்திலெல்லாம் ஒப்பமிட்டுத்தான் இந்த நாட்டில் நிற்க இடம் கிடைத்தது. மறுத்துப் பழக அவருக்கு யார் அவகாசம் கொடுத்தார்கள்?

முதல் பத்து வளையங்களை அவர் மில்லிமீற்றர்க் கணக்கிலேயே கடைந்தார். அதற்கு நேரம் எடுத்தது. கென் மணிக்கூட்டைக் காட்டிக் கத்தினான். மிச்சத்தைச் சொன்னபடி செய்தார்.

மார்ச் மாதம், அளவு பிழை என்று நாலாயிரமும் திரும்பி வந்தன. அளவுத்தாளை எடுத்தார்கள், அதில் இருந்தது ஒரே ஒரு பெயர். வியாழக்கிழமை பின்னேரம் அவரை அனுப்பிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து பதினொரு மாதமும் ஆறு நாளும்.

மே மாதம் ஒஹாயோவிலிருந்து பக்ஸ் இயந்திரத்தில் ஒரு தாள் வந்தது. அந்த அளவு மில்லிமீற்றரில் என்றும், குறிப்பிடத் தவறியதற்கு வருந்துவதாகவும். அன்ரனெற் அதைப் படியெடுத்து மல்வேர்னுக்குக் கொண்டுவந்தாள்.

"அண்ணை, நீங்கள் சொன்னது சரி. நான் உங்களைப் பகிடி பண்ணினன்."

"உதை விடு. இதைக் காட்டினா கடிதம் தருவாங்களோ?"

சட்டை மாற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார். வேலையை நிரந்தரமாகத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. பிழை என்னுடையதல்ல என்று எழுதித் தந்து, விட்ட இடத்திலிருந்து பன்னிரண்டாம் மாதத்தை முடிக்க விடுங்கள் என்றுதான் கேட்டார். முகாமையாளர் பக்ஸை வாசித்தார். அளவுத்தாளை எடுத்து வைத்து, "இது உன்னுடைய ஒப்பம்தானே?" என்றார்.

"யெஸ் சேர்."

அவ்வளவுதான். கென் தன் வேலையில் இருந்தான். ஒஹாயோ வருந்தியது.

பிறகு ஒரு ஏஜென்சி அவரைப் பிறம்ரனில் உள்ள களஞ்சியம் ஒன்றுக்குப் பெட்டி ஏற்ற அனுப்பியது. மாதக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கியது. தகப்பனுக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொல்லவில்லை.

"கடிதம் சுணங்குது, அப்பா."

"அதுக்கென்ன தம்பி. இஞ்ச ஒரு குறையுமில்லை. போன கிழமை பொலிசு கொண்டுபோனது, ரெண்டு நாளில விட்டிட்டாங்கள்."

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை காலை விடுதி உரிமையாளர் ஸம்சுதீன் தொலைபேசி எடுத்தார். மறுபடி ஒரு சுற்றிவளைப்பு. வெயிலில் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள், விழுந்த கிழவர் எழும்பவில்லை.

பத்மநாதன் போக முடியாது. அவர் கையிலிருந்த பயணப் பத்திரம் இலங்கை தவிர்ந்த நாடுகளுக்கு மட்டும்.

"நான் செய்றன் தம்பி, நீங்க யோசிக்காதீங்க," என்றார் ஸம்சுதீன். "ஆஸ்பத்திரியில நாளைக்குத்தான் உடம்பத் தருவாங்க. பெட்டிக்காரன் இப்பவே அளவு கேக்கிறான். அப்பாட உயரம் என்ன?"

"என்ன அளவில கேக்கிறான்?"

"அடிக்கணக்குத்தான்."

"ஐஞ்சடி ஏழு. மூண்டு அங்குலம் கூட்டிச் சொல்லுங்கோ, ஸம்சுதீன் நானா. இறுக்கமா இருக்கக்கூடாது."

கனத்தை மயானத்துக்கு ஆறு பேர் போனார்கள். அவர்களில் இரண்டு பேருக்குக் கிழவரின் பெயர் தெரியாது.

திங்கட்கிழமை பத்மநாதன் வேலைக்குப் போனார். ஒரு நாள் தவறினால் தொடர்ச்சி அறுந்துவிடும், பன்னிரண்டு மாதத்தை மீண்டும் முதலிலிருந்து எண்ணவேண்டி வரும் என்ற பயத்தில்தான் எழும்பி வெளிக்கிட்டார். இனி எண்ணுவதற்கு ஒன்றுமில்லை என்பது ஏஜென்சியின் வான் வண்டி பாதி வழி போனபிறகுதான் அவருக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்தவன் ஏன் அழுகிறாய் என்று கேட்டான். வான் நிற்கவில்லை. களஞ்சியத்தில் இறங்கி, வரவுத்தாளில் ஒப்பமிட்டு, உள்ளே போனார்.