கட்டிலிலிருந்து தெரிந்த குல்மோஹர்

புனே பக்கம் நிக்டியில் நாங்கள் இருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. என் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் வாதம் அடித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு மேலே ஏறியவர்தான். இரண்டு மழைக்காலம் போயும் கீழே இறங்கவில்லை. கைத்தடியை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். மெதுவாகப் படியும் இறங்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இவர்தான் மாட்டேன் என்றார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு குழறியது. கோயில் பஜனையில் கணீரென்று பாடின மனுஷன், அந்த வாயோடு நாலு பேர் முன்னால் நிற்பதா என்று நினைத்தார்.

நானும் கெஞ்சினேன், திட்டினேன். காலையில் குளிப்பாட்டி, துடைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்து, துணி துவைத்துப் போட்டு நிமிர்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும். விளக்கேற்றிக் கும்பிடும்போதே கண் சொருகும். அவர் ஒரு தடவை படி இறங்கிவிட்டால் போதும், பிறகு கோயில், கடைத்தெரு என்று தானே மனிதராகிவிடுவார் என்பது ஒன்றுதான் என் ஆசை.

முதல் மாடியில் ஒரு மராட்டி அம்மா இருந்தார். வஹினி என்று கூப்பிடுவேன், அண்ணி மாதிரி. மத்தியானத்தில் என் வீட்டுக்காரர் தூங்கினால் நான் வஹினி வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். வஹினிக்குப் படம் வரைகிற பழக்கம். பக்கத்துக் கட்டடத்திலிருந்து, காகா என்று எல்லாரும் கூப்பிடுகிற பெரியவரும் வருவார், சித்தப்பா மாதிரி. ஃபாக்டரியில் ரிடையர் ஆனவர். சும்மா பார்த்துக்கொண்டிருந்த என் கையிலும் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டார்கள். எல்லாரும் வரைவது இயற்கைக் காட்சிதான். வஹினி காலண்டரைப் பார்த்துப் பனிமலையாக வரைந்து தள்ளுவார்.

"ஏன் வஹினி, பனிமலையை நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன். எங்களுக்குள் இந்திதான்.

"நேர்ல பார்த்திருந்தா எதுக்கு வரையறேன்?" என்றார்.

காகா எப்போதும் ஒரே ஏரியைத்தான் வரைவார். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாராம், இவர் ஏரி வரைக்கும் நடந்து, திரும்ப முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுவாராம். "அந்த டாக்டர்தான் என் குரு" என்பார்.

அந்த வருஷம் கணபதி பண்டிகைக்கு, கட்டடத்துக்குக் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் பத்து நாளைக்குப் பந்தல் போட்டபோது, எங்கள் படங்களையும் மாட்டலாம் என்று காகா சொன்னார். ஆளுக்கு ஒரு படம். ஞாயிற்றுக்கிழமை ஆரத்தி முடிந்ததும் அவரவர் படத்துக்குப் பக்கத்தில் நின்று, எதைப் பார்த்து வரைந்தோம் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

நான் எங்கே போய் எதைப் பார்ப்பது? வீட்டுக்காரருடைய கால்மாட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தேன். வாசலில் நின்ற குல்மோஹர் மரத்தின் தலை மட்டும் தெரியும், விரித்த பச்சைப்பாய் மாதிரி. வைகாசியில் அது பூத்த பூவை மனசில் வைத்துக்கொண்டு சிவப்பை அப்பினேன். அதற்குக் கீழே அடிமரமும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. அதனால் வரையவில்லை.

அவர் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தார். "மரத்துக்குக் கால் எங்கடி?"

"இங்கேருந்து தெரியலையே."

"என்னை மாதிரின்னு சொல்லு."

"அப்ப கீழ வந்து பாருங்க, கால் இருக்கா இல்லையான்னு."

"நான் வந்தா கூட்டம் என் வாயைத்தான் பார்க்கும். உன் படத்தை எவன் பார்ப்பான்?"

காகாவும் மரத்துக்குக் கால் எங்கே என்றுதான் கேட்டார். அடி இல்லாத மரத்தைச் சாமி முன்னால் மாட்டலாமா, நாலு கோடு இழுத்துவிடு என்றார். எனக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. அப்படியே மாட்டச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தது. கட்டடத்துச் சனமெல்லாம் நிற்கிறது. முந்தின ராத்திரி தூங்காத தலை எனக்கு. யோசித்து வைத்த வார்த்தையெல்லாம் மறந்துபோய், வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரர் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பார்த்தா, மரம் இவ்வளவுதான் தெரியும். அதான் வரைஞ்சேன்." யாரும் கைதட்டவில்லை. வஹினி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. வாழைப்பழம், இளநீர், ஒரு வீட்டிலிருந்து கஞ்சி. எல்லாரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, மெதுவான குரலில் "எப்பலேருந்து படுக்கை?" என்று கேட்டார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர் அவரிடமே கேட்டார்.

கதவைச் சாத்தினதும் கத்தினார். "ஊருக்கெல்லாம் நான் படுக்கைன்னு சொன்னியா? மைக்கு குடுத்தா என்ன வேணா பேசுவியா?"

"மைக்கெல்லாம் இல்லைங்க."

"என் சட்டையை எடு. வெள்ளைச் சட்டை."

அன்று சாயங்காலம் ஆரத்தி நேரத்துக்கு இறங்கினார். இடது கையால் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் அவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினேன், விழுந்தால் என்மேல் விழட்டும் என்று. வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். அத்தனை நீளமாக அவர் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. குழறல்தான், ஆனால் எனக்கு ஒரு வார்த்தை தப்பாமல் புரிந்தது.

கீழே எல்லாரும் வழிவிட்டார்கள். காகா நாற்காலி போட்டார். ஆரத்திப் பாட்டுக்குக் கைதட்ட முடியாமல், இவர் இடது கையால் தொடையில் தாளம் போட்டார். பாடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. முடிந்ததும் காகா அவரை என் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். வெகுநேரம் பார்த்தார்.

"வடக்குப் பக்கம் ஒரு கிளையை இவ வரையாம விட்டுட்டா" என்று காகாவிடம் சொன்னார்.

மழை தூற ஆரம்பித்தது. வஹினி எல்லாருக்கும் மோதகம் கொடுத்தார்.

"போலாமாங்க?" என்றேன்.

"இப்பத்தானே வந்தேன்? நீ வேணா போ."

போய் என்ன செய்ய? மூன்று மாடி அவரை ஏற்ற வேண்டியது நான்தானே. முதல் படியிலேயே உட்கார்ந்து கணபதியைப் பார்த்துக் கும்பிட்டேன். நன்றி சொல்லத்தான் கையெடுத்தேன். ஆனால் மனசுக்குள் கேட்டதெல்லாம், இன்னும் கொஞ்ச நேரம் இவரை இங்கேயே பேசவை அப்பா, அதுவரைக்கும் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான்.