கணக்கெடுப்பில் கைமாறிய புருஷன்

இந்த முறை மக்கள்தொகைக் கணக்கை நாமே செல்போனில் பதிந்துவிடலாமாம். மகள் வாசித்துச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கந்தக வாசனையும் வந்த மாதிரி இருந்தது. பழைய நாள் எதை நினைத்தாலும் எனக்கு முதலில் மூக்குதான் முழித்துக்கொள்ளும்.

இரண்டாயிரத்து ஒன்றில் நான் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு அப்போது புதுசு. முந்தின கணக்கெடுப்பில் அங்கே எண்ணுவதற்குக் கருவேல மரமும் ஓணானும்தான் இருந்திருக்கும். கம்பெனிகள் வர, வேலை தேடி எங்கெங்கிருந்தோ சனம் வர, தெருவுக்குப் பின்னால் தெருவாக முளைத்துவிட்டது. என் மனைவி பொன்னுத்தாயிக்குக் காரியாபட்டிப் பக்கம். கல்யாணமாகி அப்போதுதான் வந்திருந்தாள்.

கணக்கெடுக்க டீச்சர் ஒருவர் வந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். இவள் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். அதிலும் புருஷன் மருந்து கலக்குகிறவன். அவள் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். முருகனைக் கும்பிடாமல் கம்பெனிக்குள் கால் வைக்காதவன் நான்.

சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைக் கையால் காட்டியிருக்கிறாள்.

"முருகனா?"

"அவருதேன். ஆனா வேற பேரு."

"கந்தசாமியா? வேலுச்சாமியா?"

"முகம்னு முடியும்..."

"ஆறுமுகமா?"

சாமி சரியாகத்தானே இருக்கிறது, ஆளை விட்டால் போதும் என்று தலையை ஆட்டிவிட்டாள். என் பேர் சண்முகம்.

வினை என்னவென்றால், அடுத்த வீட்டுக்காரர் பேர்தான் ஆறுமுகம். டீச்சர் அங்கே போய், "பக்கத்து வீட்லயும் ஆறுமுகம்னாங்களே?" என்று கேட்க, அவர் மனைவி ராசாத்தி மதினிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"ஏ பொன்னுத்தாயி! எம்புருசன சர்க்காரே ஒனக்கு எழுதிக் குடுத்துருச்சு! இனிமே சோத்தையும் நீயே பொங்கிப் போடு, எனக்கு வேலை மிச்சம்!"

தெருவே சிரித்தது. நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரியவில்லை. அவள் கண் சிவந்திருந்தது.

"விடு புள்ள. ஆறுமுகம்னா என்ன, சண்முகம்னா என்ன? எல்லாம் ஒரே சாமிதான?"

"சாமி ஒண்ணுதேன். புருசனும் ஒண்ணா?"

மறுநாள் காலையில் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "ராசாக்க காலத்துல வரி போடவும் பட்டாளத்துக்கு ஆள் புடிக்கவும் தலைய எண்ணுனாக. சனங்க ஓடி ஒளிஞ்சாக. பெறகு வெள்ளைக்காரன் பத்து வருசத்துக்கு ஒருக்கா எண்ண ஆரம்பிச்சான். அவனும் இப்படித்தான் பொம்பளைக முன்னாடி முழிச்சிருப்பான்! சரி, மாத்திர்றேன். பேரச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க இல்ல. அவுக சொல்லட்டும்."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். பொன்னுத்தாயிக்கு அது விளையாட்டாகப் படவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணை மூடி, "முருகா, பொறுத்துக்க" என்று முணுமுணுத்தாள்.

"சம்முகம்."

சொன்ன வாயில் தானே நாலு போடு போட்டுக்கொண்டாள். என் பேர் அவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் அவள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அன்று நான் மருந்தைக் கையாண்ட பவ்வியத்தைப் பார்த்து, போர்மேன் கேட்டார்: "ஏலே, மருந்து கலக்குறியா, பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுறியா?"

இப்போது கேஸ் சிலிண்டருக்கு, பேங்குக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு என்று எல்லா இடத்திலும் என் பேரைக் கூசாமல் சொல்கிறாள். போன வாரம் மார்க்கெட்டில், "சம்முகம்! இங்கன வாங்க!" என்று அவள் கத்தினதில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பயம் அவளை விட்டுப் போன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மருந்து வேலைக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கை கழுவிக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமல், அவளாகவே உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"சம்முகம், சாப்பிட வாங்க."