முகம் பொருந்தவில்லை

காலை ஆறு ஐம்பதுக்கு, சுவரில் மாட்டியிருந்த வருகைப் பதிவு இயந்திரம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முகம் பொருந்தவில்லை" என்றது. பெண் குரல். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் காபித்தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அந்த மாதிரி சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிற குரல்.

"மறுபடி நில்லுங்க அக்கா. நெத்தியைத் தூக்குங்க" என்றாள் பின்னால் நின்றவள். வாயைத் திறந்தால் சரம் சரமாக வெடிப்பதால் அவளுக்கு வெடி என்று பேர்.

நெற்றியைத் தூக்கினாள். முகம் பொருந்தவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள். முகம் பொருந்தவில்லை.

"மூக்கை மட்டும் காட்டிப் பாருங்க. மூக்கு மாறலையே" என்றாள் வெடி. வரிசை சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள். வாயோரத்தில் தோல் சுரீரென்று இழுத்தது. பாதியிலேயே சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டாள்.

பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவு அது. இருபத்தோரு வருடமாக அங்கே இஸ்திரி போடுகிறாள். தலைமை மருத்துவரில் தொடங்கித் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் காகிதம் போல வெளியே எடுப்பது வேலை. உருளையின் ஆவி நேராக முகத்தில் அடிக்கும். அங்கே வேலை பார்ப்பவர்கள் துணியோடு சேர்ந்து தாங்களும் கொஞ்சம் வெந்துதான் வீட்டுக்குப் போவார்கள்.

சூப்பர்வைசர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மூணு நாளா நீங்க வேலைக்கு வரலைன்னு காட்டுதும்மா."

"வந்தேனே சார். நேத்துக்கூட என்கிட்டதான டீ வாங்கிட்டு வரச் சொன்னீங்க?"

"நான் பார்த்தா கணக்கு இல்லம்மா. அது பார்க்கணும். திங்கட்கிழமை ஒப்பந்தம் புதுப்பிக்கிற பட்டியல் மேல போகுது. யார் வந்தாங்க, யார் வரலைன்னு மெஷின் சொல்றதத்தான் அவங்க நம்புவாங்க. அதுக்குள்ள உங்க மூஞ்சியை ஏதாவது பண்ணுங்க."

மூஞ்சியை ஏதாவது பண்ணப் போய்த்தான் இந்த வினையே வந்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. மாதவிலக்கு நின்று ஏழு மாதம். அது போகிற போக்கில் முகத்தில் இருந்த ஈரத்தையும் துடைத்து எடுத்துக்கொண்டு போனது போலிருந்தது. காலையில் முகம் கழுவியதும், சின்னப் பாவாடையைப் பெரிய பிள்ளைக்குக் கட்டிய மாதிரி தோல் பிடிக்கும். மத்தியானத்துக்குள் மூக்கோரம் வெள்ளை வெள்ளையாக உரியும். கன்னத்தில் கை வைத்தால் கரகரவென்று சத்தம் வருகிற மாதிரியே தோன்றும்.

"அம்மா, உன் மூஞ்சியில யாரோ ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் பாதியில உரிச்சிருக்காங்க" என்றாள் மகள். கல்லூரியில் முதல் வருடம். அம்மாவைக் கிண்டல் செய்வதற்கு மட்டும் பாடம் எடுத்திருந்தால் தங்கப் பதக்கம் வாங்கியிருப்பாள்.

லிஃப்ட் பழுது பார்க்கிற கணவனிடம், "என் முகம் எப்படி இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லாத்தான இருக்கு" என்றான். தட்டைச் சொன்னானா முகத்தைச் சொன்னானா தெரியவில்லை.

ஆகவே சம்பளம் வந்த மறுநாள் அவள் தனியாக அழகுப் பொருள் கடைக்குப் போனாள். ஒரு சுவர் முழுக்க முகத்துக்கென்றே குப்பிகள். சீரமாம், டோனராம், ஜெல்லாம். எல்லாவற்றிலும் 'வறண்ட சருமத்துக்கு' என்றுதான் எழுதியிருந்தது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும் போல நின்றன. கடைப் பெண் தேனாகப் பேசினாள். அவள் கன்னமோ தண்ணீர் தெளித்த வாழையிலை. அந்தக் கன்னத்துக்கு இருபத்திரண்டு வயதாகிறது என்பதை அந்தப் பெண் எங்கேயும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஒரு குப்பியில் 'ஆசிட்' என்ற எழுத்தைப் பார்த்தாள். வேறு யாராவது இருந்தால் பதறி விலகியிருப்பார்கள். இவளுக்குக் கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

காரணம் இருக்கிறது. துவாலை சொரசொரவென்று வந்தால் சலவைக்காரர்கள் துவாலையைக் குறை சொல்வதில்லை. உள்ளே சோப்பு தங்கிவிட்டது என்பார்கள். கடைசி அலசலில் ஒரு அமிலத் தண்ணீரைக் கொஞ்சம் விடுவார்கள். அதற்குப் புளிப்பு என்று பேர். புளிப்பு விட்டால் சோப்பெல்லாம் கழன்று துவாலை பூனைக்குட்டியாக வந்து நிற்கும். இருபத்தோரு வருடத்தில் புளிப்பு அவளை ஏமாற்றியதே இல்லை.

முகமும் சொரசொரப்பு. துவாலையும் சொரசொரப்பு. பிறகென்ன?

முதல் நாள் எரிந்தது. புளிப்பு வேலை செய்கிறது என்று நினைத்தாள். இரண்டாம் நாள் சிவந்தது. அழுக்குக் கழல்கிறது என்று நினைத்தாள். மூன்றாம் நாள் நன்றாகக் கழலட்டும் என்று சுடுதண்ணீரில் ஆவி பிடித்து, நாரால் தேய்த்து, மறுபடி இரண்டு சொட்டு விட்டாள். நாலாம் நாள் காலையில் கண் இமைகள் பணியாரமாக வீங்கியிருந்தன. கன்னம் இரண்டும் பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி பெயர்ந்தன. அதன் மேல் கையில் கிடைத்த களிம்பையெல்லாம் அப்பிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றைக்குத்தான் அந்தப் பெண் குரல் முதன்முதலாகச் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தியது.

சூப்பர்வைசர் சொன்ன அன்று வியாழக்கிழமை. வேலை முடிந்ததும் மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே இருந்த அம்மாவுக்கும் இவள் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். ஒன்றும் விற்கப் பார்க்கவில்லை. முதலில், "என்னத்தைப் போட்டீங்க?" என்று கேட்டார்.

புளிப்புக் கதையைச் சொன்னாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. எட்டி அவள் கன்னத்தை லேசாகக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடத்தில் மெல்லிய கோடுகள் விழுந்து உடனே போகாமல் நின்றன.

"பார்த்தீங்களா? சில பேருக்குத் தோல்ல எண்ணெய் பத்தாது. சில பேருக்குத் தண்ணி பத்தாது. உங்களுக்கு ரெண்டும் பத்தல."

"எனக்கு மட்டும் ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?"

இப்போது அந்த அம்மா சிரித்தார். "வீட்ல இருக்கறதெல்லாம் நிறுத்துங்க. அந்த ஆசிட்ட முதல்ல. ஆவி, நார், சுடுதண்ணி எதுவும் கூடாது. நுரை வராத, வாசனை இல்லாத இந்தக் கழுவற திரவம், சாயங்காலம் ஒரு தடவை. காலையில வெறும் தண்ணி போதும். அப்புறம் இந்த லோஷன். கிளிசரின் இருக்கு, செராமைடுன்னு தோலோட கொழுப்பும் இருக்கு. முகத்தை ஒத்தி எடுத்துட்டு, காயறதுக்குள்ள, ஈரத்தோடவே தடவணும்."

"ஈரத்தோடவா?"

கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். முழுக்கக் காய்ந்த விரிப்பை எந்த மடையன் உருளைக்குள் விடுவான்? தண்ணீர் தெளித்துப் பதமாக்கித்தான் விடவேண்டும். இல்லாவிட்டால் சுருக்கம் அப்படியே நிலைத்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே அவள் சொல்லிக் கொடுப்பது அது. ஊரான் படுக்கிற விரிப்புக்குத் தெரிந்து செய்ததைத் தன் தோலுக்குச் செய்யத் தோன்றவில்லை.

"எத்தனை நாள்ல சரியாகும்?"

"நாலு வாரம் ஆகும். புண்பட்ட தோல், சொன்ன பேச்சு கேக்க நேரம் எடுக்கும். வீக்கம், எரிச்சல் குறையலைன்னா தோல் டாக்டரப் பாருங்க."

"எனக்குத் திங்கட்கிழமைக்குள்ள வேணும்மா."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வீட்ல கல்யாணமா?"

"இல்ல. வேலை."

குப்பிகளைப் பையில் போட்டு அவளிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமையும் இயந்திரம் அவளை ஒத்துக்கொள்ளவில்லை. வெடி வரிசையைத் திரும்பிப் பார்த்து, "எவளாவது சிரிச்சீங்க, அந்த மெஷின்கிட்டயே கட்டிக் குடுத்துடுவேன்" என்றாள். அப்புறம் அவள் காதருகில் வந்து, "அக்கா, ஆஃபீஸ்ல முகத்தைப் புதுசாப் பதிஞ்சு தராங்களாம். நாளைக்குப் போங்க" என்றாள்.

அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் போகாமல் இருந்தாள். நாலு வருடத்துக்கு முன் பதிந்த முகம் ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பதிந்த பிறகு அவள் அதைப் பார்த்ததே இல்லை. ஆனால் மனதுக்குள் அந்த முகம் வருடா வருடம் அழகாகிக்கொண்டே வந்தது. செத்துப்போன மாமனார் வருடா வருடம் நல்லவர் ஆவது போல. அப்போதெல்லாம் கன்னம் எப்படி இருந்தது! அந்த முகத்துக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றுதானே இத்தனையும். புதிதாகப் பதிந்தால், நாற்பத்தெட்டு வயதில் இதுதான் என் முகம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

அன்று சாயங்காலம் முகம் கழுவி ஒத்தி எடுத்தபோது மகள் லோஷன் குப்பியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ தேய்க்கறது பாத்திரம் தேய்க்கற மாதிரி இருக்கு. உக்காரு." நுனிவிரலால் நெற்றி, கன்னம், மூக்கோரம் என்று புள்ளி புள்ளியாக வைத்தாள். ஒரு கிண்டலும் வரவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"ரொம்ப மோசமா இருக்காடி?"

"அசையாதம்மா. அசைஞ்சா மூக்குக்குள்ள போயிடும்" என்றாள் மகள்.

சனிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனாள். கணினிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். முகம் மாறியதற்கான காரணம் என்று கேட்டிருந்தது. கீழே கட்டங்கள். விபத்து. அறுவை சிகிச்சை. தாடி, மீசை. மற்றவை.

தாடி, மீசையை ஒரு கணம் யோசித்தாள். மேல் உதட்டில் ரெண்டு மூன்று முளைத்திருந்தது உண்மைதான். பிறகு மற்றவையில் டிக் அடித்தாள்.

"மற்றவைன்னா என்னன்னு எழுதணும்மா" என்றார் எழுத்தர்.

வயசு என்று எழுத மனசு வரவில்லை. என் முட்டாள்தனம் என்று எழுத இடம் பத்தாது. 'தண்ணீர் பத்தவில்லை' என்று எழுதினாள்.

எழுத்தர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க தெருவுல குடிதண்ணிப் பிரச்சினையா?"

"ஆமா சார். ஏழு மாசமா."

"எங்க பக்கமும் அதே கதைதான்" என்று அவர் முத்திரை குத்தினார். கேமராவைத் திருப்பினார். "நேரா பாருங்க. சிரிக்கக் கூடாது."

"சிரிச்சா எனக்குத்தான் சார் வலிக்கும். இது சரியானதும் மறுபடி வந்து மாத்திக்கலாமா?"

"மாத்தலாம். அதுக்கும் ஃபாரம் இருக்கு." ஒரு பொத்தானைத் தட்டினார். "புதுசு வந்துடுச்சு. பழசை அழிச்சிடறேன். ரெண்டு முகம் வெச்சுக்க விடாது."

"ஒரு நிமிஷம் சார். பழசை ஒரு தடவை பார்த்துக்கறேன்."

அவர் திரையைத் திருப்பினார்.

நாலு வருடத்துக்கு முந்திய அவள். நாற்பத்துநாலு வயது. இப்போதைய வீக்கமும் சிவப்பும் இல்லை, அது நிஜம். ஆனால் மூக்கோரம் அதே வெள்ளைப் பொடி. வாயோரம் அதே கோடு. அன்றைக்கும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "சார், முகம் வறண்டு அசிங்கமா இருக்கு, நாளைக்கு எடுக்கலாமா?" என்று கெஞ்சியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. படத்தில் இருந்தவளும் ஏதோ ஒரு பழைய முகத்தை நினைத்துக்கொண்டு ஏக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு, அடியே, நீ நல்லாத்தான் இருக்கே என்று சொல்லவேண்டும் போலிருந்தது. சொன்னாலும் கேட்டிருக்கமாட்டாள்.

"பின்னாடி ஆள் நிக்கறாங்கம்மா. அழிக்கட்டுமா?"

"ம்" என்றாள்.

திரையில் அந்த முகம் போன சத்தம்கூடக் கேட்கவில்லை.

எழுத்தர் கூடவே வந்து வாசல் இயந்திரத்தின் முன் அவளை நிற்க வைத்தார். உரிந்த கன்னமும் வீங்கிய இமையும் லோஷன் பிசுபிசுப்புமாக நின்றாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. "வணக்கம். வருகை பதியப்பட்டது."

"இனி பிரச்சினை இல்ல. பட்டியல்ல பேர் வந்துடும். அந்த நாலு நாளுக்குச் சூப்பர்வைசர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவள் நகரவில்லை. வேலை தப்பித்தது. நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். நாலு நாளாக அந்தப் பெட்டி 'இல்லை, இது நீ இல்லை' என்று தலையை ஆட்டியபோது அழுகை வந்தது. இப்போது அது ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், இதுதான் நீ என்று ஒத்துக்கொண்டுவிட்டது. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சமாவது தயங்கியிருக்கலாம்.