தம்பியின் டி டிரைவ்

என் தம்பி ஒரு வீடு வரைந்து வைத்திருந்தான். கட்டவில்லை, வரைந்ததோடு சரி. அவன் இறந்து மூன்று வருடம் கழித்து அந்த வீட்டைக் கட்டிவிடலாம் என்று அவன் மனைவி முடிவு செய்து, வரைபடத்தை வாங்கிக்கொண்டு போக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதை நான் எட்டு மாதத்துக்கு முன்பே அழித்திருந்தேன். தெரிந்து அழிக்கவில்லை. ஆனால் தெரியாமல்தான் அழித்தேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

அந்தக் கம்ப்யூட்டர் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கியது. இரண்டு பேருக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை. நான் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்த புதிது. அவன் பழைய பெரிய வீடுகளை அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தான். யாராவது தாத்தா காலத்து வீட்டை ஹோட்டலாக மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்தால் டேப்பைத் தூக்கிக்கொண்டு கானாடுகாத்தான் பக்கம் கிளம்பிவிடுவான். ஒரு வீட்டுக்குள் இருபத்தாறு தூண் எண்ணினேன் என்பான், நாற்பத்திரண்டு கதவு என்பான். எனக்கு இதெல்லாம் கேட்கப் பொறுமை இருந்ததில்லை.

கம்ப்யூட்டர் வந்த அன்றே பங்கு போடும் பேச்சும் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் எதைப் பிரித்தாலும் ஒரே முறைதான். மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வயலானாலும் பித்தளை அண்டாவானாலும் பலாப்பழமானாலும் அப்படித்தான். எந்தப் பங்கு தன் கைக்கு வரும் என்று பிரிக்கிறவனுக்குத் தெரியாது, அதனால் கோணல் பண்ண மாட்டான் என்று பெரியவர்கள் நினைத்திருக்கிறார்கள். எடுத்த பிறகு மாற்றக் கூடாது. அடுத்தவன் பங்கில் கால் வைக்கவும் கூடாது.

நான் மூத்தவன். விண்டோஸுக்கு என்று சி டிரைவில் அறுபத்தைந்து ஜிபி ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை டி, இ என்று ஆளுக்கு இருநூறாகப் பிரித்தேன். ஒரு எம்பி கூடக் குறைச்சல் சொல்ல முடியாது. அவன் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “டி எனக்குண்ணே” என்றான்.

“ஏன்டா, ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். சும்மா எடுத்துக்கிட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அவன் வாயிலிருந்து வரும் வரை எனக்கு டி வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. அவன் எடுத்த நொடியில் அதுதான் பெரியதாகத் தெரிந்தது. என் சுபாவம் அது, மறைத்து என்ன செய்ய? ஆனால் முறையை மீறவில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டு பதிமூன்று வருடம் நான் ஒரு தடவை கூட அவன் டிரைவைத் திறந்து பார்த்ததில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம், எல்லாம் வீம்புதான்.

அப்பா போன பிறகு மானகிரியில் இருந்த மூன்று ஏக்கரையும் அதே முறையில் பிரித்தோம். ஒரு பாதியில் ரோடு, இன்னொரு பாதியில் ஆழ்துளைக் கிணறு. எனக்கு ரோட்டுப் பக்கத்தின் மேல் ஆசை. ஆகவே அதைக் கொஞ்சம் சின்னதாக வெட்டினேன். தண்ணீர் இருக்கிற பெரிய பங்கைத்தான் அவன் எடுப்பான், எனக்கு ரோடு வந்துவிடும் என்று நினைப்பு. அவன் ரோட்டுப் பக்கத்தை எடுத்தான். முறைப்படி நான் ஒன்றும் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. அதன் பிறகு நான்கு வருடம் எதையுமே சொல்லவில்லை.

ஒரே வீட்டில்தான் இருந்தோம், நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். “சாப்டாச்சா”, “கேஸ் வந்துச்சா” என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு இல்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அவன் கூடத்தில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருப்பான். நான் அந்தப் பக்கம் போனால் சட்டென்று திரையை மாற்றிவிடுவான். எனக்குத் தெரியக் கூடாதாக்கும் என்று நான் உள்ளுக்குள் கறுவிக்கொண்டு போவேன்.

ஒரு நாள் மத்தியானம் யாரோ ஒருவர் வீட்டு மாடியை அளந்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்குத் தகவல் வந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது. காலையில் செருப்பு மாட்டும்போது என்னை நிமிர்ந்து பார்த்தான், நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அது என்னை விட்டபாடில்லை.

காரியம் முடிந்து சில மாதத்தில் அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அரியக்குடியில் அவள் அம்மா வீட்டோடு போய்விட்டாள். கம்ப்யூட்டர் எங்களிடம் தங்கியது.

பிறகு ஆரம்பித்தது சி டிரைவின் தொல்லை. அதன் கீழே ஓடும் கோடு சிவப்பாகிவிட்டது. அப்டேட் வருவதும், இடம் இல்லை என்று பாதியில் நிற்பதுமாக வாரக்கணக்கில் மல்லுக்கட்டியது. வினாத்தாள் அடிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம் திறக்க ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். “புதுசா ஒண்ணு வாங்கித் தொலைங்களேன்” என்றாள் என் மனைவி. பழசையே சரி பண்ணிக் காட்டுகிறேன் என்று ரோஷத்தோடு நான்கைந்து வீடியோ பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன்.

முதலில் என் பங்கிலிருந்து கொடுக்கத்தான் பார்த்தேன். இ டிரைவைச் சுருக்கி ஐம்பது ஜிபி வெளியே எடுத்தேன். அது டிஸ்க் படத்தில் இ-க்கு அந்தப் பக்கம், வலது கோடியில் கறுப்புப் பட்டையாகப் போய் நின்றுகொண்டது. சி-யின் மேல் கிளிக் செய்தால் விரிவாக்கு என்ற வரி மங்கலாகக் கிடந்தது, அமுக்க முடியவில்லை. காலி இடம் ஒட்டி இருந்தால்தான் சேருமாம். நடுவில் டி கிடந்தது. நம் வயலுக்குப் போகிற வழியில் அடுத்தவன் வயல் கிடக்கிற மாதிரி. சி பெரிதாக வேண்டுமென்றால் அதை ஒட்டிய டி போயாக வேண்டும்.

அப்போதுதான் அதை முதல் தடவையாகத் திறந்தேன். சினிமாப் பாட்டுகள், அவன் மகளுக்குக் காது குத்தியபோது எடுத்த போட்டோக்கள், ஊர்ப்பட்ட கதவுகள், தூண்கள், யார் யாருடையவோ வீடுகள். எதையும் நின்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்து என் டிரைவுக்குக் காப்பி போட்டேன். முப்பத்தெட்டு ஜிபி. ஒழுங்காகத்தான் செய்கிறேன், ஒன்றையும் வீணாக்கவில்லை என்று எனக்கே ஒரு சபாஷ் வேறு.

காப்பி முடிந்ததும் சரி பார்த்தேன். டி டிரைவில் நிரம்பிய இடம் நாற்பத்தொன்று என்று காட்டியது. வந்து சேர்ந்தது முப்பத்தெட்டு. மூன்று ஜிபி இடித்தது.

அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆய்வகத்தில் பையன்கள் ஒரு சொட்டு கூடக் குறைய எழுதினாலும் திரும்பச் செய் என்று விரட்டுகிற ஆள் நான். விண்டோஸ் தனக்கென்று ஏதாவது எடுத்து வைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அந்த டி என்கிற எழுத்து கண்ணில் படாமல் போவதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எல்லாத் தகவலும் அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. சரி என்றேன். டி கறுப்பானது. இப்போது விரிவாக்கு என்ற வரி தெளிவாக வந்தது. இரண்டு தடவை ‘அடுத்து’, ஒரு தடவை ‘முடி’ என்று அமுக்கினேன். சி இருநூற்று அறுபத்தைந்தாக விரிந்து கோடு நீலமாகிவிட்டது. அப்டேட் மத்தியானம் முழுக்க ஓடியது. நான் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

எட்டு மாதம் கழித்துத் தம்பி மனைவி வந்தாள். மானகிரி இடத்தில் வீடு கட்டப் போவதாகச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

“அவுக போட்ட பிளான் இதுலதான் இருக்கு அத்தான். எடுத்துக் குடுத்தீகன்னா மேஸ்திரிகிட்டக் காட்டிருவேன். வேற பிளான்ல எனக்கு மனசில்ல. ரெண்டு வருஷமா உக்காந்து வரைஞ்சாக. அவுக கட்டி நான் இருக்கத்தான் குடுத்து வைக்கல, அவுக வரைஞ்சதுலயாச்சும் இருந்துட்டுப் போறேன்.”

காப்பி போட்டதைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் ஊரார் வீடு.

“அது சும்மா பாத்தா தெரியாது அத்தான். மறைச்சு வச்சிருந்தாக. மேல எங்கயோ போயி ஒரு டிக்கு போடுவாக, மங்கலா ஒரு ஃபோல்டர் வரும்.”

டிக் போட்டேன். எதுவும் வரவில்லை. வராது என்று போடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று ஜிபி. மறைத்து வைத்த ஃபோல்டர் மொத்தமாகத் தேர்ந்தாலும் சிக்காது.

“என்னத்துக்கு மறைச்சு வச்சான்?” என்று கேட்டேன். குரல் கோபமாகத்தான் வந்தது, அவன் மேல் பழியைப் போட ஒரு இடம் தேடினேன் போலிருக்கிறது.

அவள் சொல்லத் தயங்கினாள். பிறகு, “உங்களுக்காகத்தான் அத்தான்” என்றாள். “ரோட்டுப் பக்கத்து மேல உங்களுக்கு ஆசைன்னு அவுகளுக்கு எடுத்தப்பறந்தான் தெரிஞ்சுச்சு. எடுத்த பங்கை மாத்தக் கூடாதுல்ல. அந்த எடத்துல வீடு போடுறதை அண்ணன் பாத்தா வெம்பிப் போகும், வேலை ஆரம்பிக்கிறப்ப நானே பக்கத்துல உக்காந்து பக்குவமாச் சொல்லிக்கிறேன்னு சொல்லுவாக. நீங்க வந்தா அதான் திரையை மாத்திருவாக.”

நான் செய்ததை அவளிடம் சொன்னேன். சி, டி என்றெல்லாம் விளக்கினேன். பாதியிலேயே அவள் புரிந்துகொண்டுவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “அப்ப இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, பஸ் போயிரும் என்று எழுந்து போனாள்.

மறுநாள் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினார்.

“என்ன சார், வாத்தியாரு நீங்களே இப்படிப் பண்ணிட்டீக? டி-யை அழிக்காமலே நகத்தி வைக்க சாஃப்ட்வேர் இருக்கே. அழிச்ச கையோட கொண்டாந்திருந்தாலும் எடுத்திருக்கலாம். அழிச்ச எடத்து மேலயே எட்டு மாசம் எழுதித் தள்ளிட்டீகளே.”

நான்கு நாள் வைத்திருந்து எதையோ மீட்டுக் கொடுத்தார். பெயர் போய் வெறும் எண்களாக ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். பள்ளி விட்டு வந்ததும் தினமும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாதி திறக்காது. திறந்ததில் ஒரு கதவு வரும், ஏதாவது ஒரு பாட்டின் துண்டு வரும். வீடு வரவில்லை. ஒரு மாதம் இப்படியே பார்த்துவிட்டு அழுதேன். அவன் செத்த அன்றைக்குக் கூட நான் அப்படி அழவில்லை.

தை மாதத்தில் வீட்டுக்கு மனை போட்டார்கள், தரையில் அளந்து கோடு போடுகிற நாள். என்னைக் கூப்பிட்டாள், போனேன். மேஸ்திரி கயிறும் முளைக்குச்சியும் சுண்ணாம்புப் பொடியுமாக நின்றிருந்தார். படம் எங்கே என்று அவர் கேட்டதற்கு, நான் நடந்து காட்டுகிறேன் என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள் என் தம்பி மனைவி.

“இது வாசல். உள்ள வந்தா கூடம். அடுப்படி இங்குட்டு... இல்ல, அங்குட்டு. ஜன்னல்ல நின்னா ரோட்டுல பஸ் வர்றது தெரியும்னாக. அப்ப இங்குட்டுத்தான் வரணும்.”

நாலு எட்டு வைப்பாள், நிற்பாள், திரும்பி வருவாள். அவள் பார்த்ததெல்லாம் திரையில், மேலிருந்து பார்த்த கோடுகள். தரையில் நிற்கும்போது அதில் எந்தப் பக்கம் எது என்று பிடிபடவில்லை. மேஸ்திரி இரண்டு இடத்தில் பொடி தூவி, காலால் அழித்தார். கடைசியில் அவள் என்னைப் பார்த்தாள்.

“நீங்க ஒரு தடவை கூடப் பாக்கலையா அத்தான்? போற வாறப்ப, தற்செயலாக் கூட?”

“இல்லம்மா.”

இன்னும் ஒரு தடவை வாசலிலிருந்து நடந்து பார்த்தாள். அப்புறம் வரப்புக்கு ஏறி வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். “உங்களுக்கு எப்புடித் தோணுதோ அப்புடியே போட்டுருங்க” என்று மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் எல்லோருக்கும் போடுகிற வீட்டையே போட ஆரம்பித்தார். கயிற்றின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார், நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.