எங்கே ஒழுகுகிறது?

அப்பா குழாய்ச் சாமான் கடை வைத்திருந்தார். உதிரிகளின் பெயர் தெரியாமல் வருபவர்களிடம் "எங்க ஒழுகுது?" என்றுதான் முதலில் கேட்பார்.

அவர் இறந்த மறுவாரம் மகள் கடையின் இணையதளத்தைத் திறந்தாள். தேடல் படிவத்தின் முதல் கேள்வியும் அதுவே. கீழே குழாயின் கழுத்து, அடி, வாய் என்று தேர்வுகள்.

"யாருடா செஞ்சது?"

"நானும் அப்பாவும்தான்க்கா," என்றான் தம்பி. "கோடிங்கே இல்ல. திரையில வேண்டியதை இழுத்து வெச்சா போதும். அப்பா பக்கத்துல உக்காந்து, இதை மேல தூக்கு, அதைக் கீழ போடுன்னு ஒரே அதிகாரம்!"

"சாஃப்ட்வேர்காரி நான் ஒருத்தி இருக்கேன்ல? கேக்கத் தோணலையா?"

"சொன்னேன். அவளுக்கு ஆயிரம் வேலை, தொந்தரவு பண்ணாதேன்னுட்டார்."

குறை கண்டுபிடிக்கவே அவள் 'கழுத்து' என்பதை அழுத்தினாள். சரியான வாஷர் உடனே வந்து நின்றது. படத்தில் அதை ஏந்தியிருந்தது அப்பாவின் உள்ளங்கை.

"படமும் நீதானா?"

"பின்ன? கையை ஆட்டாதீங்கன்னு திட்டித் திட்டி எடுத்தேன்."

அப்பாவைத் திட்டும் பாக்கியமும் இவனுக்குத்தானா? அவள் அடுத்த படத்தைத் திறந்தாள். அதிலும் அதே கை.