பதினெட்டு வளைவில் ஒரு சின்ன எஞ்சின்

லப்டொப்பால் காருக்குப் பவர் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன மாதம், எங்கள் ஊர் சாய்ந்தமருதில். பார்த்த நிமிடத்திலிருந்து எனக்குச் சந்தேகம்.

என் தங்கச்சி ஃபரீனாவின் கணவர் றிஸ்வான் மச்சானிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே சீட். கூரையைக் கழற்றலாம். வடிவான சாமான்தான்... ஆனால் எஞ்சின்? மூன்று ஓட்டோ எஞ்சினைச் சேர்த்தால் வருகிற அளவு. “பாரமில்லாத கார் மச்சான், இது காணும்” என்பார். போதாது என்று அவருக்கே தெரியும். கடற்கரை வீதியில் பறக்கிற கார், மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். எங்கள் ஊரில் பாலத்தை விட்டால் மேடு ஏது? அதனால் கொஞ்சக் காலம் மானம் தப்பியது.

தங்கச்சிக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக்கூடாது. மகள் கண்டியில் ஒரு வீட்டில் தங்கி, பேராதனை கெம்பஸில் படிக்கிறாள். லீவுக்குக் கூட்டி வரப் போனால் அவளை எங்கே இருத்துவது?

“மூணு பேருக்கு ரெண்டு சீட் கார் என்னத்துக்கு காக்கா? மகள கூரையிலயா வெச்சிக் கட்டுற?” என்று அண்ணன் என்னிடம்தான் முறையிடுவாள்.

நியாயம்தான். ஆனால் மச்சானையும் பாருங்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு தங்கச்சியின் பேரில். கல்யாணம் முடித்து வந்த மனிதருக்கு அந்த வளவுக்குள் தனக்கென்று இருப்பது இந்தக் கார் ஒன்றுதான். விற்கச் சொன்னால் முகம் சுண்டிப் போகும். எனக்கே பாவமாக இருக்கும்.

கடைசியில் இரண்டு பேரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கண்டிக்குப் போகும் வழியில், மஹியங்கனை தாண்டியதும் பதினெட்டு வளைவு வருகிறதல்லவா? இருவரையும் ஏற்றிக்கொண்டு அதில் திணறாமல் ஏறினால் கார் வீட்டில் நிற்கும். இடையில் நின்றுவிட்டால் விற்றுவிட்டு, குடும்பத்துக்கு ஏற்ற கார் வாங்குவது.

அதற்காகத்தான் கல்முனையிலிருந்து ஒரு மெக்கானிக் லப்டொப்போடு வந்தார். ஒரு வயரைக் காரில் சொருகி, ஏதோ தட்டினார்.

“கம்பெனி பவரக் கொஞ்சம் அடக்கித்தான் விடும் சேர். நாம அதத் திறந்து விடுற.”

காசு கொடுத்து வாங்கியவனுக்கே காட்டாமல் கம்பெனி எதற்குப் பவரை ஒளித்து வைக்க வேண்டும்? கேட்டேன். மனிதர் சிரித்தார். பதில் சொல்லாமல் சிரிப்பவர்களை நான் நம்புவதில்லை.

பிறகு எயார் ஃபில்டரை மாற்றினார். சைலன்சரை மாற்றினார். சத்தம் கூடியது. பவர் கூடியதா? அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

“எஞ்சின்ல இவ்வளவுதான் எடுக்கலாம் சேர். இனிப் பாரத்தக் குறைங்க. ஒரு கிலோ குறைஞ்சாலும் லாபம்.”

தேத்தண்ணி கொண்டு வந்த தங்கச்சி கேட்டாள், “அப்ப கூடினா நட்டமா தம்பி?”

“ஓம் ராத்தா. மேட்டுல நல்லாத் தெரியும்.”

மச்சான் குறைத்தார். ஸ்பெயார் வீல், ஜாக், ஸ்பீக்கர், கால்மிதி எல்லாம் வீட்டுக்குள் போயின. இராச் சாப்பாட்டில் கொத்து ரொட்டியையும் நிறுத்தினார். காருக்காக மெலிந்த மனிதரை அன்றுதான் கண்டேன்.

போன சனிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். அவர்கள் இருவரும் முன்னால். நான் என் பழைய காரில் பின்னால் — மருமகளை, அதாவது தங்கச்சி மகளை, ஏற்றி வர யாராவது வேண்டுமே. மஹியங்கனை வரைக்கும் அவர்களைப் பிடிக்கவே முடியவில்லை. மெக்கானிக்கைப் பிழையாக நினைத்துவிட்டேனோ என்று மனம் கொஞ்சம் இளகியது.

வளைவுகள் தொடங்கின. கொஞ்சத் தூரத்திலேயே மச்சானைப் பிடித்துவிட்டேன். ஒரு மரக்கறி லொறி ஹோன் அடித்து இரண்டு பேரையும் முந்திப் போனது. அடுத்த வளைவில் கார் ஓரமாக நின்றது. பொனட்டிலிருந்து ஆவி.

“மெக்கானிக் ஏமாத்திட்டான் மச்சான்” என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தண்ணீர்ப் போத்தல் தேடி அவருடைய டிக்கியைத் திறந்தேன்.

ஸ்பெயார் வீல் இருந்த குழியில் ஒரு மூட்டை அரிசி. அதற்கு மேல் தயிர்ச் சட்டிகள். பக்கத்தில் ஒரு பெரிய கருவாட்டுப் பார்சல்.

“இதென்ன ஃபரீனா?”

“மகள் இரிக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடயா போற? அந்த இடம் சும்மாதானே கிடந்திச்சி.”

எங்கள் கரையில் பிறந்த யாரால் இதற்கு மறுபேச்சுப் பேச முடியும்? கண்டிக்குப் போகிறவர் அரிசியும் தயிரும் இல்லாமல் போனால் ஊர் என்ன சொல்லும்?

எஞ்சின் ஆறியதும் சாமான்களை என் காருக்கு மாற்றினோம். தங்கச்சியும் என்னோடு ஏறிக்கொண்டாள். மச்சான் தனியே ஸ்டார்ட் எடுத்தார்... பறந்தது. சத்தியமாகப் பறந்தது. இரண்டே வளைவில் கண்ணுக்கு மறைந்துவிட்டார்.

உச்சியில் எங்களுக்காகக் காத்து நின்றார். சிரித்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்தேன். இல்லை.

“நல்லா ஏறிச்சி மச்சான்” என்றார். “ஆனா பொஞ்சாதிய இறக்கி வெச்சாத்தான் ஏறுமெண்டா, அப்பிடியொரு கார் எனக்கு என்னத்துக்கு? விப்பம்.”

தங்கச்சியின் கண் கலங்கியது. எனக்கும்தான்.

கண்டியில், மருமகள் தங்கியிருக்கும் வீட்டுக்கு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். மச்சான் வெளியே காருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா மூட்டையைப் பார்த்துவிட்டுத் தங்கச்சியிடம் சொன்னார்:

“போன தடவ தந்ததே இன்னும் முடியல்ல மகளே. இந்த முற கொண்டு வர வாணாம்னு போன்ல சொன்னேனே?”

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் சீலிங்கைப் பார்த்தேன்.

மெக்கானிக்கைக் கண்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இவ்வளவு நாளும் என் சந்தேகத்தைப் பிழையான ஆளுக்குச் செலவழித்திருக்கிறேன்.

கார் விலைப்பட்டுவிட்டது. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை மச்சான் வாசிப்பதே இல்லையாம், பயப்படாமல் எழுதலாமாம். சொன்னது தங்கச்சி... நம்பலாமா?